உப்பங்கழிக்கு அப்பால் ஒரு வீடு
நவி மும்பையில் குமாஸ்தாவுக்கு இடம் உண்டா?

2024 அக்டோபர் மாதம் தசரா நாளையொட்டி நவி மும்பையில் 26,000 வீடுகளுக்குச் சிட்கோ நிறுவனம் விண்ணப்பம் கேட்டது. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் பக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களிலும் அதே பேச்சாக இருந்தது. விலை என்ன என்று அப்போது அறிவிக்கவில்லை. அப்படியிருந்தும் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

2025 ஜனவரியில் விலைப் பட்டியல் வெளிவந்தது. தலோஜாவில் மிகச் சிறிய வீடு சுமார் 25 லட்சம். கார்கர் ரயில் நிலையத்தை ஒட்டிய வீடு 97 லட்சம். வாசி லாரி நிலையப் பகுதியில் 74 லட்சம். பிப்ரவரியில் குலுக்கல் நடப்பதற்குள் கூட்டம் கரைந்துவிட்டது. முன்பணம் கட்டி நின்றவர்களின் எண்ணிக்கை வீடுகளின் எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. வீடில்லாதவர்கள் லட்சக்கணக்கில் உள்ள ஊரில், அரசு நிறுவனம் கட்டிய வீட்டுக்கு ஆள் போதவில்லை! விலையைக் குறைக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்தன; குறைப்பதாக அறிவிப்புகளும் பின்னர் வந்தன.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால்தான் புரியும்.

காகிதத்தில் பிறந்த நகரம்

சிட்கோ என்றவுடன் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தமிழ்நாட்டுச் சிறுதொழில் பேட்டைக் கழகத்தை நினைத்துக் கொள்வது உண்டு. அது வேறு, இது வேறு. இங்குள்ள சிட்கோ, மராட்டிய அரசு 1970 மார்ச் மாதம் தொடங்கிய நகர, தொழில் வளர்ச்சிக் கழகம்.

மும்பை தீவு நீண்டு ஒடுங்கிய ஊர். வேலை முழுவதும் தெற்கு மூலையில், குடியிருப்பு வடக்கே. காலையில் ஜனங்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓடி, மாலையில் எல்லாரும் மறு பக்கம் ஓட வேண்டும். இதை மாற்ற, உப்பங்கழிக்குக் கிழக்கே, எதிர்க்கரையில் இன்னொரு நகரம் அமைக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேல் ஆகிய மூவரும் 1965-ல் 'மார்க்' இதழில் எழுதினார்கள். அரசு அதை ஏற்றது. தாணே மாவட்டத்திலும், அப்போது கொலாபா என்று பெயர் கொண்டிருந்த ராய்காட் மாவட்டத்திலுமாக 344 சதுர கிலோமீட்டர் நிலம் குறிக்கப்பட்டது. 95 கிராமங்கள் அதற்குள் அடங்கின.

ஒரே பெரிய ஊராக இல்லாமல் ஐரோலி, கன்சோலி, கோப்பர்கைரனே, வாசி, சான்பாடா, நெருல், பேலாப்பூர், கார்கர், கலம்போலி, காமோட்டே, புதிய பன்வேல், உல்வே, துரோணகிரி என்று தனித்தனிச் சிற்றூர்களாக அமைப்பது திட்டம். ஒவ்வொன்றிலும் செக்டர்கள், செக்டருக்குள் பள்ளிக்கூடம், கடை, மைதானம். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் பணக்காரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம். கொரியா 1980-களில் பேலாப்பூரில் கட்டிய குடியிருப்பு இதற்கு நல்ல உதாரணம். 45 முதல் 75 சதுர மீட்டர் வரையான சிறு மனைகள், ஏழேழு வீடுகளுக்கு ஒரு முற்றம். கையில் காசு வரும்போது வீட்டுக்காரர் மேலே ஓர் அறை கட்டிக் கொள்ளலாம். குமாஸ்தாவின் பட்ஜெட்டை அறிந்து போட்ட கணக்கு அது. பிறகு வந்த அடுக்குமாடிகள் எதுவும் அந்தக் கணக்கைப் பின்பற்றவில்லை என்பது வேறு விஷயம்.

மந்திராலயமே பேலாப்பூருக்குப் போகும் என்று அப்போது எதிர்பார்த்தார்கள். கொங்கண் பவன் என்ற பிராந்திய அலுவலகக் கட்டடம் மட்டும் போயிற்று. அமைச்சர்களும் பெரிய அதிகாரிகளும் தெற்கு மும்பையை விட்டு நகரவில்லை; நரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அலுவலகங்கள் எழும்பிக் கொண்டே இருந்தன. எசமானர் நகராத இடத்துக்குச் சிப்பந்தி மட்டும் எப்படி நகர்வார்?

ரயில் வர இருபத்திரண்டு ஆண்டு

1973-ல் வாசிப் பாலம் திறந்தது. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் எதிர்க்கரையில் குடியேறியவர்களுக்குப் பஸ்தான் கதி. மான்குர்டு – வாசி ரயில் பாதை திறந்தது 1992 மே மாதம். நகரம் அறிவிக்கப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

இந்தத் தாமதத்துக்குக் காரணம் பணம். ரயில்வேயால் தனியாக இந்தச் செலவைத் தாங்க இயலாது என்ற நிலையில், செலவில் 67 சதவிகிதத்தைச் சிட்கோவும் 33 சதவிகிதத்தை ரயில்வேயும் ஏற்பது என்று முடிவானது. சிட்கோவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நிலம் விற்ற பணத்திலிருந்து. பயணிகளின் டிக்கெட்டிலும் அதற்காகக் கூடுதல் கட்டணம் வசூலானது. நிலத்தை விற்று ரயில் போட்டார்கள்; ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது; ஏறிய விலைக்கு அடுத்த நிலத்தை விற்றார்கள். நவி மும்பையின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு சக்கரத்தில்தான் சுழல்கிறது. வீட்டு விலை ஏன் குறைவதில்லை என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். நிலம் மலிந்தால் சிட்கோவின் பெட்டி காலியாகும்.

1993-ல் பேலாப்பூர், 1998-ல் பன்வேல் வரை வண்டி ஓடியது. 2004-ல் தாணே பக்கமிருந்து இன்னொரு பாதை இணைந்தது. கார்கோப்பருக்கு 2018-லும் உரணுக்கு 2024 ஜனவரியிலும் ரயில் போயிற்று. பேலாப்பூரிலிருந்து பெந்தர் வரை மெட்ரோ 2023 நவம்பரில் வந்தது. சேவ்ரியிலிருந்து கடல் மேல் 21.8 கிலோமீட்டர் நீளப் பாலம் 2024 ஜனவரியில் திறந்தது. விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இவற்றில் எது யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடல் பாலத்தில் கார் ஒரு தடவை போக 250 ரூபாய் சுங்கம் வைத்தார்கள். அது குமாஸ்தாவின் வழி அல்ல. உரண் வண்டிகள் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து புறப்படுவதில்லை, நெருலிலோ பேலாப்பூரிலோ இறங்கி மாற வேண்டும். ஹார்பர் லைனில் ஒன்று போனால் அடுத்தது என்று ஏறுவது போல அங்கே ஏற முடியாது. டைம் டேபிளைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்வேலிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு நேர் வண்டியில் சுமார் ஒரு மணி இருபது நிமிடம். தலோஜாவில் குடியிருப்பவர் கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு வர, மெட்ரோ ஏறி, பேலாப்பூரில் மாறி, மறு முனையில் நடந்து, வீட்டு வாசலிலிருந்து நாற்காலி வரை இரண்டு மணி நேரம் வைத்துக் கொள்வதே சரி. போக வர நான்கு மணி.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கொங்கண் வழியாகத் திருநெல்வேலி செல்லும் சில வண்டிகள் பன்வேலில் நிற்கின்றன. மூட்டை முடிச்சுகளோடு குர்லா வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவை. ஆபீஸ் தினம் தினம்.

சம்பளமும் தவணையும்

சிட்கோவின் பட்டியலில் 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு' என்று ஒரு வகை இருக்கிறது. இந்தப் பிரிவினருக்கான வீடு சுமார் 320 சதுர அடி. மும்பை வட்டாரத்தில் இதற்கான ஆண்டு வருமான வரம்பு முன்பு 3 லட்சம் ரூபாயாக இருந்தது. 2023-ல் அதை 6 லட்சமாக உயர்த்தினார்கள். உயர்த்தியதை வரவேற்றவர்கள் பலர். ஆனால் விலை ஏறிவிட்டது என்றால் விலையைக் குறைப்பது ஒரு வழி; வாங்கத் தகுதியுள்ளவரின் வரம்பை உயர்த்துவது இன்னொரு வழி. அரசு இரண்டாவது வழியில் போயிற்று. மாதம் 18,000 வாங்கும் கம்பெனித் தொழிலாளியும் 50,000 வாங்கும் குடும்பமும் இப்போது ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சீட்டு இருவருக்கும் விழலாம். பாங்கு யாருக்குக் கடன் கொடுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாதம் 30,000 ரூபாய் கைக்கு வரும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக் கொள்வோம். தலோஜாவில் 25 லட்ச ரூபாய் வீடு விழுகிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்ட மானியம் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு ஒரு லட்சம், ஆக இரண்டரை லட்சம் கழிகிறது. மீதி இருபத்திரண்டரை லட்சத்தில் நாலரை லட்சத்தைப் பிராவிடண்ட் பண்டு, மனைவியின் நகை, ஊர் நிலத்தில் ஒரு துண்டு என்று புரட்டிவிட்டார். பாங்குக் கடன் 18 லட்சம். எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 15,620 ரூபாய். கட்டி முடிக்கும்போது 37 லட்சத்து 49 ஆயிரம் போயிருக்கும்.

சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணை. மெயின்டனன்ஸ், தண்ணீர், மின்சாரம், ரயில் பாஸ் எல்லாம் தனி. அவருக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டால் பாங்கு இருபது வருஷம் கொடுக்காது. பதினைந்து வருஷம் என்றால் தவணை 17,700-ஐத் தாண்டுகிறது.

இது தலோஜாக் கணக்கு. கார்கர் பஸ் டெப்போ அருகே இதே நலிந்த பிரிவுக்கு வைத்த விலை 48 லட்சத்துக்கு மேல். நாற்பது லட்சம் கடன் என்றால் தவணை சுமார் 34,700. மாத வருமானம் 50,000-க்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கவே முடியாது. அப்படியானால் அந்த வீட்டை முறையாக வாங்கக் கூடியவர் யார்? சம்பளத்தைக் குறைத்துக் காட்டத் தெரிந்தவர், அல்லது சர்க்காருக்குத் தெரியாத வருமானம் உள்ளவர். பே-ஸ்லிப் உள்ள ரயில்வே சிப்பந்தியும், மில் குமாஸ்தாவும், ஆஸ்பத்திரி நர்சும் இந்த இரண்டிலும் சேர மாட்டார்கள்.

ஊரில் உள்ள வீடு

பணத்தைத் தாண்டினால் தகுதி. இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மானியத்துடன் கூடிய வீட்டுக்கு, விண்ணப்பதாரர், கணவன் அல்லது மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகிய யார் பெயரிலும் இந்தியாவில் எங்குமே பக்கா வீடு இருக்கக் கூடாது. மும்பையில் வீடு இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. பத்துப் பதினைந்து வருஷம் சால் அறையில் நெருங்கிக் கிடந்து, மிச்சம் பிடித்த பணத்தில் அம்பாசமுத்திரம் பக்கமோ நாங்குநேரி பக்கமோ காங்கிரீட் வீடு கட்டிப் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! பொங்கலுக்கு ஒரு வாரம், கோவில் கொடைக்கு ஒரு வாரம் திறக்கும் வீடு. சட்டத்தின் கண்ணில் அவர் வீடுள்ளவர்தான். இல்லை என்று பிரமாணம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரிய வந்தால் ஒதுக்கீடு ரத்தாகும். அப்பா பெயரில் உள்ள வீடு வேறு. தன் பெயரில் பத்திரம் உள்ள வீடு வேறு. இந்த வித்தியாசத்தை விண்ணப்பம் போடுமுன்பே தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

அடுத்தது டொமிசைல் சான்றிதழ். மராட்டிய மாநிலத்தில் தொடர்ந்து பதினைந்து ஆண்டு வசித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். இங்கே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழே போதிய ஆதாரமாகிவிடும். ஆனால் இருபது வருஷம் வேறொருவர் பெயரில் உள்ள அறையில் தங்கி, கரண்ட் பில்லோ ரேஷன் கார்டோ தன் பெயரில் இல்லாமல் காலம் கழித்தவருக்கு அந்த இருபது வருஷமும் இல்லாதது போலத்தான். மெஸ்ஸிலும் பேச்சிலர் அறையிலும் இருந்தவர்களின் கதை பெரும்பாலும் இதுவே.

குலுக்கலில் பெயர் வந்த பிறகும் நிம்மதி இல்லை. 2018-ல் சுமார் 14,800 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. கொரோனா குறுக்கிட்டதில் சாவி கொடுப்பது 2021-ல்தான் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் பலர் ஒரு பக்கம் வாடகை, மறு பக்கம் பாங்குத் தவணை என்று இரண்டையும் கட்டினார்கள். தவணை தவறியவர்களுக்கு ஒதுக்கீடு ரத்தானது.

நிலம் யாருடையது?

சிட்கோ நிலத்தில் வீடு வாங்குகிறவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. நிலம் அறுபது ஆண்டுக் குத்தகை. இதைப் பத்திரத்தில் படித்துப் பார்த்து வாங்கியவர்கள் குறைவு. இந்தக் குத்தகையைத் தொண்ணூற்றொன்பது ஆண்டாக நீட்டுவது பற்றி 2018 கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்தது. முழு உரிமையாக்குவது பற்றியும் பேச்சு நடந்து வருகிறது. அறிவிப்பு வந்ததாலேயே தன் கட்டடத்தின் குத்தகை தானாக மாறிவிட்டது என்று யாரும் எண்ணக் கூடாது. 1980-களில் ஒதுக்கிய வாசி, நெருல் வீடுகளுக்கு அறுபதில் நாற்பது ஆண்டு ஓடிவிட்டது. பழைய வீட்டைக் கைமாற்றி வாங்குகிறவர் மீதி எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டும். கைமாற்றத்துக்குச் சிட்கோவின் அனுமதியும் அதற்கான கட்டணமும் உண்டு. அதை வாங்குபவர் தருவதா, விற்பவர் தருவதா என்பதை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் போட்டுக் கொள்ளாமல் சண்டை போட்டவர்கள் அநேகம்.

வாசி ஒன்பது, பத்தாவது செக்டர்களில் சிட்கோ கட்டிய ஜே.என். வகைக் கட்டடங்களில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்த செய்திகள் பல ஆண்டுகளாக வந்தவை. அரசு கட்டியது என்பதாலேயே உறுதி என்று நம்புவதற்கில்லை.

நிலத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அந்த 95 கிராமங்களின் ஆகிரி, கோளி, குன்பி மக்கள் நெல் வயலையும் உப்பளத்தையும் கொடுத்தார்கள். தங்களுக்குக் கிடைத்த ஈடு போதாது என்று தி.பா. பாட்டீல் தலைமையில் போராடினார்கள். 1984 ஜனவரியில் ஜாசய் பகுதியில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டனர். எடுத்த நிலத்துக்கு ஈடாக, வளர்ந்த மனையாக எட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் பன்னிரண்டரை சதவிகிதத் திட்டம் அந்தப் போராட்டத்தின் பலன்.

வீடு வாங்குகிறவருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. பன்னிரண்டரை சதவிகித மனைகள் பில்டர்களிடம் கைமாறி, அவற்றில் எழுந்த கட்டடங்கள் ஏராளம். முறையாக மாற்றம் பதிவானவற்றில் குற்றமில்லை. வாரிசுகளுக்குள் வழக்கு நடக்கும் மனைகளும் அவற்றில் உண்டு. கிராமத்து வீட்டு மனையில் அனுமதியின்றி நாலு மாடி, ஐந்து மாடி எழுப்பி விற்பது இன்னொரு ரகம். பக்கத்துச் செக்டரில் ஒரு கோடி சொல்லும் இடத்தில், இங்கே முப்பது லட்சம் என்பார்கள். 'அண்ணாச்சி, இன்னிக்கே டோக்கன் போட்டிருங்க, நாளைக்கு வந்தா கிடைக்காது' என்று தமிழிலேயே பேசும் ஏஜண்டும் கிடைப்பார். தமிழில் பேசுகிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறொன்றும் தெரிந்திருக்காது. பாங்கு கடன் தராத கட்டடம் என்றால் ஏன் தரவில்லை என்பதை யோசிக்க வேண்டாமா?

திகாவில் நடந்தது நினைவிருக்கும். தொழிற்பேட்டைக்கும் சிட்கோவுக்கும் சொந்தமான நிலத்தில் அனுமதியின்றி எழுந்த சுமார் 99 கட்டடங்கள் மீது மும்பை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2015-ல் நடவடிக்கை தொடங்கியது. இடித்தது கட்டடத்தை. கட்டி விற்றவர்கள் பணத்தை எடுத்துக் கொண்டு போய்ப் பல நாள் ஆகியிருந்தது. சாமான்களோடு தெருவில் நின்றவர்கள் ஆட்டோ ஓட்டியவர்கள், கம்பெனித் தொழிலாளர்கள், சின்ன உத்தியோகக்காரர்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017 மே முதல் தேதியிலிருந்து மகாரேரா என்ற ஒழுங்கு ஆணையம் செயல்படுகிறது. 500 சதுர மீட்டருக்கு மேலான மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்பவர், முடிவுச் சான்றிதழ் இல்லாத நிலையில், அங்கே பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. வாங்குகிறவர்களின் பணத்தில் எழுபது சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. விலையை 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கில் இல்லாமல், கார்ப்பெட் ஏரியா என்ற உள் அளவுக்கே சொல்ல வேண்டும். கட்டுமானக் குறையை ஐந்து ஆண்டுக்குள் சொன்னால் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, எந்த ஏஜண்டின் தயவும் இல்லாமல் செல்போனிலேயே சரிபார்க்கலாம். இவ்வளவு வசதி முந்தைய தலைமுறைக்கு இல்லை.

குடியேற்றச் சான்றிதழான ஓ.சி. கிடைத்த கட்டடத்தைக் கட்டியவரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டிக் கொண்டிருக்கும்போது வாங்கினால் ஐந்து சதவிகிதம். 45 லட்சத்துக்கும் அறுபது சதுர மீட்டருக்கும் உட்பட்டால் ஒரு சதவிகிதம். பதிவுக் கட்டணம் ஒரு சதவிகிதம், அதிகபட்சம் 30,000 ரூபாய். முத்திரைத் தீர்வை இவற்றுக்கு மேல். வீடு மனைவி பெயரில் மட்டும் இருந்தால் அதில் ஒரு சதவிகிதம் குறையும். ஓ.சி. இல்லாத கட்டடத்தில் குடியேறிவிட்டு 'பிறகு வந்துவிடும்' என்று காத்திருப்பது, நகராட்சிக் குழாய் இல்லாமல் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதில் போய் முடியும்.

மனை வாங்கும் ஆசையில் கர்ஜத், பன்வேல் கிராமப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. மராட்டிய மாநிலத்தில் விவசாயி அல்லாதவர் கலெக்டர் அனுமதியின்றி விவசாய நிலம் வாங்க முடியாது. சாத்-பாரா எனப்படும் ஏழு-பன்னிரண்டு நகலைக் காட்டி, பிறகு 'என்.ஏ.' ஆகிவிடும் என்று குண்டூசி முனையளவு வரைபடத்தில் மனை பிரித்து விற்கிறார்கள். விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி விற்காத கல் இன்று அந்த வட்டாரத்தில் இல்லை.

தண்ணீரும் வரியும்

திட்டமிட்ட நகரம் என்றாலும் வாசிக்கும் தலோஜாவுக்கும் ஒரே நகரம் என்ற பெயர்தான் பொது. ஐரோலி முதல் பேலாப்பூர் வரை 1992-ல் ஏற்பட்ட நவி மும்பை மாநகராட்சியின் எல்லை. அதற்கு மோர்பே அணை சொந்தமாக இருக்கிறது. தண்ணீர் ஓரளவு தாராளம். கார்கர், காமோட்டே, கலம்போலி, தலோஜா எல்லாம் 2016 அக்டோபரில் பிறந்த பன்வேல் மாநகராட்சியில் சேர்ந்தவை. அங்கும் உல்வே, துரோணகிரியிலும் தண்ணீர் பிற அமைப்புகளிடமிருந்து வர வேண்டும். கோடை வந்தால் சொஸைட்டிகள் லாரித் தண்ணீருக்குக் காசு பிரிக்கின்றன. சிட்கோவுக்குச் சேவைக் கட்டணம் கட்டிய ஆண்டுகளுக்கே பன்வேல் மாநகராட்சியும் பின்தேதியிட்டுச் சொத்து வரி கேட்டதில் கார்கர்வாசிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். தலோஜாவில் ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடை பற்றிய புகார் பழையது. விளம்பரப் படத்தில் மலையும் ஏரியும் இருக்கும். வாடையைப் படம் பிடிக்க முடியாது.

எதிர்க்கரைக்குப் போனவர்களில் நன்றாக இருப்பவர்கள் இல்லாமல் இல்லை. 1980-களிலும் 90-களிலும், ரயில் வருமுன்போ வந்த புதிதிலோ, ஆபீஸ் கடன் போட்டு நெருலிலும் வாசியிலும் சின்ன வீடு வாங்கிய தமிழ்க் குமாஸ்தாக்கள் இன்று பென்ஷனில் நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார்கள். அவர்கள் துணிந்தபோது வீட்டு விலை சம்பளத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அசௌகரியத்துக்கு ஈடாக மலிவு கிடைத்தது. இன்று தலோஜாவிலும் உல்வேயிலும் அசௌகரியம் அப்படியே இருக்க, மலிவு மட்டும் மறைந்துவிட்டது. மெட்ரோ வரும், விமான நிலையம் வரும் என்று வரப்போவதற்கெல்லாம் இன்றே விலை போட்டுவிட்டார்கள்.

தாராவியில் 2000-ம் ஆண்டுக்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்புக்கு அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு என்கிறது மறுசீரமைப்புத் திட்டம். அந்தத் தகுதி உள்ளவர் அதை உதறிவிட்டு இருபது வருஷக் கடனில் இறங்குவது பற்றி இரண்டு தடவை யோசிப்பார். தகுதி இல்லாதவருக்கும், மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் அந்த யோசனைக்கே இடமில்லை. ஏஜண்டுகள் சுற்றி வருவதும் அவர்களைத்தான்.

வாடகை இன்னும் தவணையைவிடக் குறைவாக உள்ள இடங்கள் உப்பங்கழிக்கு அப்பால் இருக்கின்றன. பதினோரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில் அதே செக்டரில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கிப் பார்க்கலாம். மே மாதம் குழாயில் தண்ணீர் எத்தனை மணி வருகிறது, ஜூலை மழையில் எந்தச் சுவர் கசிகிறது, காலை எட்டு மணி வண்டியில் ஏற முடிகிறதா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்தப் பதினோரு மாதத்தில் தெரிந்துவிடும். அதே சமயம் டொமிசைல் சான்றிதழுக்கும், ஊர் வீட்டின் பத்திரம் யார் பெயரில் உள்ளது என்று வில்லங்கம் போட்டுப் பார்ப்பதற்கும் மனுக் கொடுத்து வைக்கலாம். சிட்கோ அடுத்த அறிவிப்பை வெளியிடும்போது இந்தக் காகிதங்கள் கையில் இல்லாதவர்கள் கடைசி வாரத்தில் தாசில் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.